வலது பக்க இருக்கை

தஞ்சாவூரில் என் காரை எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து ரேடியேட்டரைப் பற்றி விசாரிக்காமல் போகமாட்டார். "இதுக்குத் தண்ணி எங்க மேடம் ஊத்துவீங்க?" என்பார். தண்ணீரே வேண்டாம், இது காற்றிலேயே ஆறிக்கொள்ளும் எஞ்சின் என்று சொன்னால், எதையோ மறைக்கிறேன் என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். ஆற்றையும் வாய்க்காலையும் பார்த்தே வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் கேட்காத ஒன்றை நம்புவது கஷ்டம்தான். அதிலும் எஞ்சின் பின்னால் இருக்கிறது, ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிறது என்றெல்லாம் தெரிந்துவிட்டால், பாவம், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

இரண்டு கதவு வைத்த, தரையோடு தரையாகப் போகிற பழைய வண்டி அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கிளப்பினால் முதுகுக்குப் பின்னாலிருந்து பெரிய தையல் மிஷின் ஓடுகிற மாதிரி சத்தம் வரும். கியர் விழுவது உள்ளங்கையில் தெரியும். சாலையில் கிடக்கும் சின்னக் கல்கூட ஸ்டியரிங் வழியாக வந்து, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகும். சூடான எண்ணெய் வாசனையும் வயல் வாசனையும் சேர்ந்து அடிக்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும். அதை யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பினால் வலது பக்க இருக்கையில் என் கைப்பை உட்கார்ந்திருக்கும். முன்னால் ஒரு பஸ் போனால், அது எங்கேயாவது ஓரங்கட்டும்வரை அதன் பின்னாலேயே போவேன். இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பஸ்ஸைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. கைப்பை எட்டிப் பார்த்துச் சொல்லவும் சொல்லாது.

அப்படி எட்டிப் பார்த்துச் சொல்வது ஒரு காலத்தில் என் வேலையாக இருந்தது.

எனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது அப்பாவும் அம்மாவும் மஸ்கட்டுக்குப் போனார்கள். தம்பி கைக்குழந்தை, அவனை விட்டுவிட்டுப் போக முடியாது. என்னை விட்டுவிட்டுப் போக முடிந்தது. படிப்பு கெட்டுவிடும் என்று காரணம் சொன்னார்கள். நான் அப்படி ஒன்றும் பிரமாதமாகப் படிக்கிறவள் இல்லை என்பது எனக்கே தெரியும், ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. என் துணிமணிகளோடு மன்னார்குடியில் பெரியப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் போன் வரும். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அதற்குள் அந்தப் பக்கம் தம்பி அழ ஆரம்பித்துவிடுவான்.

பெரியப்பா பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. கெட்டவர்கள் இல்லை, ஆனால் ஒரு சின்னப் பெண்ணிடம் என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. பெரியப்பா கடைத்தெருவில் பம்புசெட் மோட்டார் விற்கிற கடை வைத்திருந்தார். பெரியம்மா வாயைத் திறந்தால் நக்கலாகத்தான் பேசுவாள். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் மூன்று தட்டும் தண்ணீர்ச் செம்பும்தான் சத்தம் போடும். என் அறையில் மஸ்கட்டிலிருந்து வந்த பொம்மை ஒன்று பெட்டியைவிட்டு இறங்காமலேயே இருந்தது. அந்த வீட்டில் எதுவுமே எனக்கென்று இருந்ததாகத் தோன்றவில்லை.

நாள் முழுக்கத் தண்ணீர் இறைக்கிற மோட்டாரை விற்றுவிட்டு வருகிற பெரியப்பா, தண்ணீரே கேட்காத கார் வைத்திருந்தது ஊருக்கெல்லாம் வேடிக்கை. மெட்ராஸில் யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுவிட்டுப் போன வண்டி. கை மாறி மாறி வந்ததைக் கல்யாணமான புதிதில் பெரியப்பா வாங்கினாராம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் இரண்டாம் பூசை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு ஒரத்தநாடு சாலையில் ஒரு சுற்று போய்வருவது அவர் வழக்கம். நான் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலில் பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். முதல் நாள் ராத்திரி அழுததில் என் கண் வீங்கியிருந்தது.

"பாப்பாவ கூட்டிட்டுப் போங்க. எனக்கு இந்த வண்டி ஒத்துக்கல. கொமட்டுது" என்றாள்.

பெரியப்பா கார் சாவியோடு அவள் பக்கம் திரும்பினார். "கொமட்டுதா?" என்றார்.

"ஆமாங்க, கொமட்டுது. அதையும் கொட்டு அடிச்சுச் சொல்லணுமா?" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்துவிட்டாள். இத்தனை வருஷமும் அந்த வண்டியில் ஏறி அவதிப்பட்டவள், தப்பித்தோம் என்று போகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது.

அப்படித்தான் வலது பக்க இருக்கை எனக்கு வந்தது. சாலையில் போகிறவர்களுக்கு டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரியும். சைக்கிளில் போகிறவர்கள் காலை ஊன்றி நின்று பார்ப்பார்கள். நான் வேண்டுமென்றே நேராகப் பார்த்துக்கொண்டு விறைப்பாக உட்காருவேன். ஆனால் உண்மையான பெருமை அதில் இல்லை. முன்னால் பஸ்ஸோ லாரியோ வந்ததும் பெரியப்பா வேகத்தைக் குறைத்து, "என்ன பாப்பா, போலாமா?" என்று கேட்பார். நான் ஜன்னலில் தலையை நீட்டி, கண்ணைச் சுருக்கி, தூரம்வரை பார்த்து, "போலாம்" என்பேன். நான் சொன்னால்தான் வண்டி போகும். சொல்லாவிட்டால் எவ்வளவு நேரமானாலும் பெரியப்பா அந்தப் பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு பின்னாலேயே வருவார். என் வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தைக்காக அந்த வயதில் வேறு யாரும் காத்திருந்ததில்லை. வாரம் முழுக்க நான் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

வாய்க்கால் பாலத்தடியில் ஒரு கடை. பெரியப்பாவுக்கு டீ, எனக்குப் பன்னீர் சோடா, வீட்டுக்கு வடைப் பொட்டலம். திரும்பி வந்தால் பெரியம்மா வாசலில் நின்றுகொண்டிருப்பாள். வடையை வாங்கிக்கொண்டு, "எண்ணெய் வாடை அடிக்குது" என்பாள். வடையைச் சொல்கிறாளா வண்டியைச் சொல்கிறாளா என்று தெரியாது. பிறகு ஒரு பழைய துணியை எடுத்துக்கொண்டு போய் வண்டியைத் துடைப்பாள். அவ்வளவு பிடிக்காத வண்டியை எதற்குத் துடைக்க வேண்டும் என்று நான் கேட்டதில்லை. அவள் எல்லாவற்றையும்தான் துடைப்பாள்.

நான் சொல்லவந்தது பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அறுவடை முடிந்து, தாளடியில் தெளித்த உளுந்தும் விளைந்து, செடியைப் பிடுங்குகிற காலம். எங்கள் பக்கத்தில் உளுந்துச் செடியைக் காயவைத்துத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரம் ஏறி ஏறி நெத்து வெடித்து உளுந்து உதிரும். சக்கரக்காரனுக்குச் செலவு, உளுந்துக்காரருக்கு வரவு. யாரும் ஒதுங்கிப் போய்விடக் கூடாது என்று ஓரத்தில் கல்லும் வைத்துவிடுவார்கள். மற்ற வண்டிகளுக்கு அதனால் பெரிய பாதகமில்லை. எங்கள் வண்டி வயிறு தாழ்ந்த வண்டி. பின்னால் இருக்கிற விசிறி காற்றை உறிஞ்சித்தான் எஞ்சினை ஆற்ற வேண்டும், காற்றோடு சருகு வந்தால் சருகையும் உறிஞ்சும். அதனால் உளுந்தைக் கண்டால் பெரியப்பா இறங்கிப்போய்க் கெஞ்சி, ஓரமாக ஒரு வழி ஒதுக்கச் சொல்லி, நத்தை மாதிரி கடந்துபோவார்.

அன்று எங்களுக்கு முன்னால் ஒரு டிராக்டர் வைக்கோல் பாரம் ஏற்றிக்கொண்டு போனது. பெரியப்பா கேட்டார். நான் எட்டிப் பார்த்தேன். எதிரே ஒரு ஈ காக்கை இல்லை. "போலாம்" என்றேன்.

எதிரே வண்டி வருகிறதா என்றுதான் எனக்குப் பார்க்கத் தெரியும். சாலையின் வலது பாதி முழுக்க உளுந்து பரப்பியிருந்ததை நான் பார்த்தேன், ஆனால் அது பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றவில்லை. வண்டி அதற்குள் இறங்கிவிட்டது. இடது பக்கம் டிராக்டர், நடுவில் வரிசையாகக் கல். திரும்பவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் பெரியப்பா நேராகவே ஓட்டினார். அடிவயிற்றில் செடி உராய்கிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. உளுந்து முடிந்து கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, கருகல் வாசனை வந்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. பெரியப்பா அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார்.

பின் மூடியைத் திறந்து பார்த்தார். பெல்ட் கழன்று கிடந்தது. விசிறியின் வாய்க்குள் சருகும் நெத்துத் தோல் நொறுங்கிய பொட்டுமாக அடைத்திருந்தது. பெல்ட்டை அவர் மாட்டிவிடுவார், ஆனால் விசிறியின் வாய் எஞ்சினுக்கும் தகரத்துக்கும் நடுவே ஒடுக்கமான சந்தில் இருந்தது. அவருடைய கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. "வீட்டுக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன், லேட்டாகும்னு சொல்லணும்" என்றார். உளுந்து தள்ளிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மொபெட்டில் வந்த ஒருவரோடு ஏறிக்கொண்டு, "நான் வர்ற வரைக்கும் யாரையும் தண்ணி ஊத்த விடாத பாப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஊர்க்காரர்களை அவருக்குத் தெரியும். அவர் தலை மறைந்த கையோடு அந்த அம்மா அடிபம்பில் ஒரு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். கூட இன்னும் இரண்டு பேர். முன் மூடியைத் திறந்தார்கள். உள்ளே ஸ்டெப்னி டயரும் பெரியப்பாவின் குடையும் இருந்தன.

"என்னடி இது, எஞ்சினையே காணும்."

"பின்னால இருக்கு" என்றேன். "ஆனா தண்ணி ஊத்தக் கூடாது. இதுக்குத் தண்ணியே வேண்டாம்."

"கொதிக்குது பாரு. தண்ணி ஊத்தாம எப்படி ஆறும்? நவுரு பாப்பா."

"ஊத்தாதீங்க. காத்துலயே ஆறிடும்."

"இந்தப் பங்குனி வெயில்ல எங்கருந்து காத்து?" என்று அவள் குடத்தைத் தூக்கினாள். நான் பின் மூடிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். முதுகில் சூடு அடித்தது. வண்டியும் போய்விட்டால் அந்த ஊரில் எனக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேனோ என்னவோ, சத்தம் வராமல் அழுகை வந்துவிட்டது. அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"எதுக்கு அழுவுற? உங்க அம்மா எங்க?"

"மஸ்கட்ல."

"அப்பா?"

"மஸ்கட்."

"கூடப் பொறந்தவங்க?"

"தம்பி. அவனும் அங்கதான்."

"அப்ப நீ?" என்றாள்.

வண்டிக்கென்று கொண்டுவந்த தண்ணீரில் என் முகத்தைக் கழுவிவிட்டு, முந்தானையால் துடைத்து, புளியமரத்து நிழலில் உட்காரவைத்தாள்.

பெரியப்பா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எஞ்சின் ஆறிக்கொண்டிருந்தது. இனிமேல் என்னை அந்த இருக்கையில் உட்காரவைப்பாரா என்று கேட்க நினைத்தேன், பயத்தில் கேட்கவில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு மினி பஸ் வந்து நின்றது. அதிலிருந்து பெரியம்மா இறங்கினாள். கையில் குடை, இன்னொரு கையில் நுனி வளைத்த ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. அந்தக் கம்பியை நான் வீட்டில் எங்கேயும் பார்த்ததில்லை.

"லேட்டாகும்னு சொல்லத்தானே போன் பண்ணேன்" என்றார் பெரியப்பா.

"உலக்கை மாதிரி கைய வச்சுக்கிட்டு நீங்க எடுத்துருவீங்களாக்கும். இத்தன வருஷத்துல ஒரு தடவ உள்ள போயிருக்கா அந்தக் கை?"

வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தாள். புடவையைச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். உள்ளே பார்க்கக்கூட இல்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பரணில் ஊறுகாய் ஜாடியைத் தேடுகிறவள் மாதிரி கையை அந்தச் சந்துக்குள் விட்டாள். கம்பி வளைந்து நெளிந்து உள்ளே போயிற்று. கொத்துக் கொத்தாகச் சருகு வந்தது, பொட்டு வந்தது, சில வெடிக்காத நெத்துகூட வந்தன. அவற்றை ஒதுக்கி எடுத்து அந்த அம்மாவிடமே கொடுத்தாள். "என் கையும் சின்னதுதான் பெரியம்மா, நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். "சுடும், தள்ளி நில்லு" என்றாள். அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. என் வண்டிக்குள் என்னைவிட ஆழமாக ஒருத்தி கை விடுகிறாள். கையில் அவளுடைய வளையல்கள் வேர்வையில் பிசுபிசுத்தன.

பெல்ட்டை மாட்டிக் கிளப்பியதும் தையல் மிஷின் சத்தம் ஒழுங்காக வந்தது. பெரியம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "சரியா இருக்கு" என்றாள். பெரியப்பா சட்டென்று போய் வலது பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நானாகவே பின்னால் ஏறிக்கொண்டேன்.

பின்னால் என்பது இருக்கை என்று பெயருக்குச் சொல்லிக்கொள்கிற ஒரு பலகை. அதற்கு அடுத்தாற்போல எஞ்சின். முதுகில் அதன் சூடு, காதில் அதன் இரைச்சல். முன்னால் இருவரும் பேசுவது ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. பெரியம்மா கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு முழங்கையை வெளியே வைத்திருந்தாள். கொண்டை அவிழ்ந்து முடி பறந்தது, அதை அவள் ஒதுக்கவில்லை. ஒருமுறை பெரியப்பா ஏதோ சொல்ல அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பல்லெல்லாம் தெரிந்தது. முன்னால் ஒரு பஸ் வந்தது. பெரியப்பா எப்போது கேட்பார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவே இல்லை. ஜன்னல் விளிம்பில் இருந்த பெரியம்மாவின் இரண்டு விரல் லேசாக உயர்ந்தது, வண்டி பஸ்ஸைத் தாண்டிவிட்டது. அடுத்து ஒரு லாரிக்குப் பின்னால் வந்தபோது, எதிரே உளுந்து கிடந்த இடத்தில் விரல் உயரவில்லை, வண்டியும் தாண்டவில்லை.

என் இடம் போய்விட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மஸ்கட்டுக்கு அவர்கள் போன அன்றுகூட நான் அவ்வளவு தனியாக இல்லை. பலகையில் காலை மடக்கிக்கொண்டு, வளையல்களை மடியில் வைத்துக்கொண்டு மன்னார்குடி வரை வந்தேன்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் பெரியப்பா உடனே இறங்கவில்லை. "அடுத்த வாரமும் வாயேன்" என்றார். எஞ்சின் நின்றுவிட்டதால் எனக்குக் கேட்டது.

பெரியம்மா வளையல் வாங்குவதற்காகப் பின்னால் திரும்பி என்னிடம் கையை நீட்டினாள். அப்போது என் முகத்தைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"நான் வரல. வழியெல்லாம் ஒரே கொமட்டல்" என்றாள். "பாப்பாவே வரட்டும். எதிர்ல வர்றத மட்டும் பாக்காம கீழயும் பாக்கச் சொல்லுங்க."

பொய் என்று எனக்குத் தெரிந்தது. வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தவளுக்கு எங்கே குமட்டிற்று? எங்களோடு வர அவளுக்கு இஷ்டமில்லை, அதற்கு ஒரு சாக்கு என்று முடிவுகட்டினேன். வருத்தமாகவெல்லாம் இல்லை. என் இருக்கை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் இல்லாமல்போன பிறகு இந்த வண்டி எனக்கு வந்தது. வளைத்த ஸ்போக்ஸ் கம்பி முன் மூடிக்குள் குடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. என் கைக்கு அந்தச் சந்து இப்போது போதவில்லை. பஸ்ஸின் பின்னால் காத்துக்கொண்டு வருகிற நேரத்தில், அந்த உளுந்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவு வருகிறது.

பூசை முடிந்து நானும் பெரியப்பாவும் வண்டியில் ஏறினோம். பெரியம்மா வழக்கம்போலக் குடையை விரித்துக்கொண்டு சாலையைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போய்விட்டாள். கோயிலுக்கு முன்னால் ஒரு பஸ் ஆளேற்றிக்கொண்டு நின்றது. நான் ஜன்னலில் தலையை நீட்டினேன். எதிர் ஓரத்தில் பெரியம்மா நடக்காமல் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தை நீட்டிச் சாலையின் அந்தக் கோடிவரை பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். எங்கள் பக்கம் திரும்பி, குடைக்கடியில் லேசாகத் தலையை ஆட்டினாள். பெரியப்பாவும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் வண்டி நகரவில்லை.

"என்ன பாப்பா, போலாமா?" என்று என்னைக் கேட்டார்.

நான் எதிரேயும் பார்த்து, கீழேயும் பார்த்து, "போலாம்" என்றேன். வண்டி போயிற்று. பெரியம்மா தெரிந்தவர்கள் யாரையோ பார்த்துத் தலையாட்டினாள் என்று நினைத்துக்கொண்டேன்.